குளம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது

நல்லம்பள்ளிக்கு வந்து சேர்ந்த மூன்று நாளில் என்னைத் தூக்க முன்வந்தவர்கள் பதினொரு பேர். நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் மலேசியாவில், ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவளுக்கு வருகைப் பதிவு எடுக்கும் பழக்கம் லேசில் போகாது. மருந்துக் கடைக்காரர், கோயில் வாசலில் பூக்கட்டுகிறவர், பஸ் நடத்துநர், இளநீர் சீவிக்கொண்டிருந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லை. சொல்லிவைத்த மாதிரி எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "இருங்கக்கா, அப்படியே அலாக்காத் தூக்கிடலாம்."

நல்ல மனிதர்கள். அதில் சந்தேகமே இல்லை. ஈப்போவில் எனக்குச் சரிவான நடைபாதை உண்டு, சக்கர நாற்காலிப் படம் வரைந்த கார் நிறுத்துமிடம் உண்டு. அதில் எந்நேரமும் இரண்டு காலும் நன்றாக இருக்கிற யாராவது காரை நிறுத்தியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் தூக்க ஒருத்தர் வரமாட்டார். இங்கே நடைபாதையே கிடையாது, தூக்க மட்டும் ஊரே வரும். தூக்குகிறவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் நான் மூட்டையாகிவிடுகிறேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நாலு வருஷத்துக்கு முன் முதுகெலும்பில் ஓர் அறுவை சிகிச்சை. அன்றிலிருந்து என் கால்கள் வேலையை விட்டுவிட்டன. அடுத்த வருஷம் நானும் விட்டேன். கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தனி வீடு, சக்கர நாற்காலி, வாரத்தில் இரண்டு நாள் வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் ஒரு சீனத்து அம்மா. இதுதான் என் குடித்தனம். இது என் தங்கை மல்லிகாவுக்குப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் தருமபுரிக்காரரைக் கட்டிக்கொண்டு ஈப்போவை விட்டு வந்தவள் அவள். "ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போக்கா" என்று போனில் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். என்னத்தைப் பார்க்க என்பது வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்குப் பக்கவாட்டில் எனக்கென்று ஓர் அறை கட்டி வைத்திருந்தாள். குறை சொல்ல வேண்டும் என்றுதான் உள்ளே போனேன், முடியவில்லை. வாசலுக்குச் சாய்தளம், நாற்காலி தாராளமாக நுழையும் கதவு, கைப்பிடி வைத்த குளியலறை, உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் சுவிட்சுகள். ஜன்னலைத் திறந்தால் மாமரம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போடலாம். சுவருக்கு அந்த ரோஸ் கலர் அடித்ததற்காக இரண்டு மார்க் குறைத்தேன்.

"புடிச்சிருக்கா?" என்றாள் மல்லிகா. நான் பதில் சொல்வதற்குள், கட்டிலுக்கு மாறப் போகிறேன் என்று நினைத்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்தப் பட்டியலில் அவளைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் பதினொன்று எப்போதோ நூறைத் தாண்டியிருக்கும்.

அன்று மதியம் ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். பச்சை மொச்சையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வது. தை மாசத்தில் இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பிதுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா எனக்கும் ஒரு முறம் கொடுத்தார். எனக்கு வந்தது பத்துக்கு ஆறுதான். மீதி நாலு எகிறிப் போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. களியை மெல்லக்கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று மல்லிகாவின் கணவர் கற்றுக்கொடுத்தார். முதல் உருண்டை நெஞ்சில் நின்று நிதானமாக இறங்கியது. மூன்றாவது உருண்டையில் நான் உள்ளூர்க்காரி ஆகிவிட்டேன்.

இரண்டாம் நாள் தருமபுரி டவுனுக்குக் கிளம்பினோம். கார் டிக்கியில் காஸ் சிலிண்டர் உட்கார்ந்திருந்ததால் என் நாற்காலிக்கு இடமில்லை. அதனால் அன்வர் பாய் ஆட்டோ. அவர் என் நாற்காலியைச் சுற்றி வந்து ஒருமுறை பார்த்தார். "கவலையே படாதீங்கம்மா, பீரோவையே கட்டிட்டுப் போயிருக்கேன்" என்றார். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, ஆட்டோவின் பின்பக்கம் வரிந்து கட்டினார். முதல் வேகத்தடையில் நாற்காலி தப்பித்துவிட்டது. அதன் வலது கால்தட்டு தப்பவில்லை. நாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, டிவிஎஸ் ஐம்பதில் ஒருவர் கால்தட்டைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் துரத்தி வந்தார். கொடுத்துவிட்டு, இறங்கத் தூக்கிவிடட்டுமா என்றும் கேட்டார். அவர் ஒன்பதாவது ஆள்.

போகிற வழியில் தார்ச்சாலையின் பாதி அகலத்துக்குக் காய்ந்த கொடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். பஸ், லாரி எல்லாம் அதன் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அன்வர் பாய் ஒதுங்கிப் போக இடம் இருந்தும் வேண்டுமென்றே அதன் மேல் ஓட்டினார். படபடவென்று வெடிச்சத்தம்.

"கொள்ளுக் கொடிங்கம்மா. நம்ம சக்கரம் ஏறினா அவங்களுக்கு அடிக்கிற வேலை மிச்சம்" என்றார்.

எங்கள் ஊரில் இதைச் செய்தால் போலீஸ் வரும் என்றேன். "இங்கயும் எப்பவாச்சும் வருவாங்க. அவங்க ஜீப்பும் ஏறித்தான் போவும்" என்றார்.

டவுனில் தட்டுவடை செட் தின்றோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், காரட் துருவலும் சட்னியும். கையில் எடுத்தால் சேலைக்கு, வாயில் போட்டால் நமக்கு. எனக்கும் சேலைக்கும் சரிபாதி கிடைத்தது.

சாயங்காலம் காப்பிக்கு உட்கார்ந்தபோது மல்லிகா பேச்சை எடுத்தாள். "சித்திரைக்குள்ள ஈப்போ வூட்ட வித்துட்டு வந்துடுக்கா." இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வீடு வூடாகிவிட்டது. தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும், ராத்திரி ஒரு தலைவலின்னா யாரு இருக்கா, அந்த ரூம யாருக்குன்னு கட்டினேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு, என்னால் தனியாக இருக்க முடியும் என்றேன். எங்கே, காட்டு பார்க்கலாம் என்றாள். எங்கே வேண்டுமானாலும் காட்டுகிறேன் என்று ஐம்பத்தெட்டு வயதில் பத்து வயதுக்காரி மாதிரி நானும் கத்தினேன்.

மல்லிகாவின் கணவர் சமாதானத்துக்காகத்தான் அந்த இடத்தின் பெயரைச் சொன்னார். இண்டூர் தாண்டி ஒரு துரைத் தோட்டம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் பங்களா கட்டி, குளம் வெட்டி, மாமரமும் புளியமரமுமாக நட்டு வாழ்ந்த எஸ்டேட். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. துரை, அவ்வளவுதான். இப்போது அது பூங்கா. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று வாசலிலிருந்து குளம் வரைக்கும் புதிதாகச் சிமெண்டுப் பாதை போட்டிருக்கிறார்களாம். அக்காவும் தங்கையும் போய்க் காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்றார் பாவம். நாங்கள் அதைப் பந்தய மைதானம் ஆக்கிவிட்டோம்.

வாசலிலிருந்து குளம் வரை, திரும்ப வாசல் வரை. யாரும் தள்ளக்கூடாது, பிடிக்கக்கூடாது, தொடக்கூடாது. நான் ஜெயித்தால் வீட்டை விற்கும் பேச்சை மல்லிகா இனி எடுக்கமாட்டாள். தோற்றால் சித்திரைக்குள் நான் அந்த ரோஸ் கலர் அறையில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே பயமாகத்தான் இருந்தது. ஈப்போவில் தனியாக நான் போகும் அதிகபட்ச தூரம் தெருமுனை மளிகைக் கடை. மற்றதற்கெல்லாம் யாராவது பின்னால் நின்று தள்ளுவார்கள். மல்லிகாவிடம் கத்தியபோது எனக்குள்ளேயே யாரோ, அவள் சொல்வது சரியோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அன்வர் பாய் எங்களைத் தோட்டத்து வாசலில் இறக்கினார். நீலப் பலகையில் வெள்ளை நாற்காலிப் படம் பளிச்சென்று இருந்தது. சீட்டுக் கொடுப்பவர் பெயர் மாதேஷ். நாற்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் கூண்டை விட்டு வெளியே ஓடிவந்தார். வரவேற்கத்தான் என்று நினைத்தேன்.

"இன்னைக்கி வேணாங்களே. நாளைக்கி வர்றீங்களா?" என்றார்.

ஏன் என்றால், பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இல்லாட்டி நாலு பேரக் கூப்புட்டு அப்படியே தூக்கிட்டுப் போயிடலாங்க." அதுவரை வந்த பத்தோடு பதினொன்று. பேச்சை மாற்றுவதற்காக, பார்வையாளர்களுக்கென்று வாங்கி வைத்திருந்த சக்கர நாற்காலியைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருந்தது. முதுகில் சந்தனம், இரண்டு சக்கரத்திலும் குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்ததாம். "யாரும் உக்காரலீங்க. புதுசாவே வச்சிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார்.

கழிப்பறைக்கும் நாற்காலிப் படம் போட்டிருந்தார்கள். பூட்டியிருந்தது. சாவி வந்து திறந்தால் உள்ளே தண்ணீர்க் குழாய்ச் சுருள், உர மூட்டை, விளக்குமாறு நாலு. "ரெண்டே நிமிசங்க" என்று மாதேஷ் தன் கையாலேயே எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டு, ஒரு வாளி தண்ணீரும் அடித்துவிட்டார். கைப்பிடி சரியான உயரத்தில் இருந்தது. கட்டியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பங்களாவுக்கு ஒன்பது படி, சாய்தளம் கிடையாது. துரை எப்படி வாழ்ந்தார் என்பதை வெளியிலிருந்தே யூகித்துக்கொண்டேன்.

பிறகு பாதையில் இறங்கினேன். மல்லிகா வாசலருகே புளியமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதை நேராகப் போவதால் அங்கிருந்தே என் தலை தெரியும். "மெதுவாப் போக்கா" என்றாள். பிறகு, பந்தயம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

பாதை அருமையான பாதை. வழவழவென்று, அளவான சாய்வில், ஒரு பக்கம் பிடிகம்பியோடு. ஐம்பது அடி போனதும் கையே தானாக வீசத் தொடங்கியது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று நினைத்தேன். ஒரு புங்கமரத்தைத் தாண்டியதும் பாதை காணாமல் போய்விட்டது.

அகலம் முழுக்கக் கொள்ளுக்கொடி. பழுப்பு நிறத்தில், முட்டி உயரத்துக்கு, முப்பதடி நீளத்துக்குக் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண் கோலை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர். சேலையை இழுத்துச் செருகித் தலையில் துண்டு. மாதேஷ் ஏன் நாளைக்கு வரச் சொன்னார் என்பது புரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை செலவில் எனக்கென்று ஒரு பாதை போட்டு, அதையும் கொள்ளுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று. திரும்பிப் போனால் பந்தயம் போச்சு. யாரையாவது கூப்பிட்டு ஒதுக்கச் சொன்னாலும் போச்சு.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். கூச்சமோ பரிதாபமோ இல்லை. அவர் கண் என் சக்கரத்தின் மேல்தான் இருந்தது.

"வாங்க வாங்க, நிக்காதீங்க. மேலயே ஏறி வாங்க."

"கொள்ளு நசுங்கிடாதா?"

"நசுங்கணுமுங்க. அதுக்குத்தானே போட்டிருக்குது." கோலைக் கீழே போட்டார். "ரோட்டுல போட்டா லாரி பறக்குது, பயமாக்கீது. இங்க போட்டா, வண்டி வரக் கூடாதுன்னு போர்டு. எங்க வூட்டுக்காரரு டிவிஎஸ்ஸ வுட்டாக்கூட எங் கொழுந்தன் சண்டைக்கி வர்றான். அடிச்சி அடிச்சித் தோளே வுட்டுப்போச்சி. உங்க வண்டிக்கித்தான் இந்தப் பாதையில தடையே இல்லீங்களே!"

அவர் பெயர் மாதம்மா. சட்டம் பேசிய கொழுந்தன் மாதேஷ்தான். வழவழவென்று சிமெண்டுத் தரையைக் கண்டால் இந்த ஊரில் அது கதிரடிக்கிற களம். வேறு எதற்காக ஒருவன் தரையை இவ்வளவு வழவழப்பாகப் பூசுவான் என்பது மாதம்மாவின் கேள்வி. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் நிலம். காலை நேரத்தில் பூங்காவுக்கு யாரும் வருவதில்லை. சும்மாத்தானே கிடக்கிறது.

"இருங்க, மெல்லிசா பரப்பி வுடறேன்" என்று கொடியை இழுத்துப் பரப்பினார். நான் ஏறினேன். முதல் நாலடி உயிர் போய்விட்டது. புஜம் இரண்டும் எரிந்தன. பிறகு சக்கரத்துக்கு அடியில் படபடவென்று நெற்று வெடிக்க ஆரம்பித்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. மாதம்மா குனிந்து ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார். உள்ளங்கையில் கொள்ளு.

"நல்லா வுழுவுதுங்க. புரட்டிப் போடறேன், இன்னொரு சுத்து வர்றீங்களா?"

நாலு வருஷமாக ஊர் என்னிடம் கேட்பதெல்லாம் நகர்த்தட்டுமா, தள்ளட்டுமா, இங்கே வந்தால் தூக்கட்டுமா என்பதுதான். ஒரு வேலை சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை.  "வர்றேன்" என்றேன்.

நாலு சுற்று. அவர் கவைக்குச்சியால் புரட்டிப் போடப் போட, நான் ஏறிப் போவதும் திரும்புவதுமாக. வழுக்கும் இடத்தில் "பையப் பைய" என்பார், அவ்வளவுதான். பெஞ்சில் மல்லிகா எழுந்து நின்றுவிட்டது தூரத்தில் தெரிந்தது. அவள் கணக்குப்படி நான் இந்நேரம் குளத்தில் இருக்க வேண்டும். அக்கா எதற்கு ஒரே இடத்தில் போய்ப் போய் வருகிறாள் என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

ஐந்தாவது சுற்றில், குளத்துப் பக்கம் போகலாம் என்று திரும்பும்போது நாற்காலி நின்றுவிட்டது. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தில் கொடி முறுக்கிக்கொண்டு இறுகிவிட்டது. குனிந்தால் என் கை எட்டவில்லை. முன்னால் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மல்லிகா ஓடிவர ஆரம்பித்தாள். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். அவள் பாதி வழியில் நின்றாள்.

என்ன செய்வது? இதுதான் தனியாக இருப்பதன் நிலவரம். எங்காவது ஒரு இடத்தில் சக்கரம் நிற்கத்தான் செய்யும். அப்படியே உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் வரைக்கும் வீராப்பாக உட்கார்ந்திருக்கலாம். நான் மாதம்மாவைக் கூப்பிட்டேன்.

"இதக் கொஞ்சம் பாருங்க."

அவர் இடுப்பில் செருகியிருந்த அரிவாளோடு வந்து குந்தினார். "வண்டின்னா சுத்தத்தான் செய்யுமுங்க. டிவிஎஸ்லயும் இப்படித்தான்." நாலு இழுப்பு, இரண்டு அறுப்பு. கொடி துண்டு துண்டாக வந்தது. சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டு, எழுந்து தன் வேலைக்குப் போய்விட்டார். என் கையையோ தோளையோ தொடவில்லை. தூக்கட்டுமா என்றும் கேட்கவில்லை.

மிச்சப் பாதையில் குளத்துக்குப் போனேன். குளம் பார்க்க அப்படியொன்றும் இல்லை. பாதித் தண்ணீர், ஒரு கொக்கு, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில். துரை இதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி குடித்திருப்பார் என்றால் அவர் பொறுமைசாலி. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தெருமுனையைத் தாண்டிய ஓர் இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் யாருமே இல்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தேன். கொக்கும் இருந்தது.

திரும்பும்போது ஏற்றம். பிடிகம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து, நின்று நின்று ஏறினேன். மாதம்மா வழிமறித்து ஒரு படி கொள்ளை அளந்து என் மடித்துண்டில் கொட்டினார். வேண்டாம் என்றேன். "கூலிங்க. வாங்கலன்னா எப்படி?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

வாசலில் மல்லிகா காத்திருந்தாள். அவள் கேட்பதற்கு முன் நானே சொன்னேன், "அந்தக் கொள்ளு அம்மா, மாதம்மா, தொட்டாங்க." முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் நேர்மை, நேர்மை என்று கத்திவிட்டு இதை மறைக்க முடியுமா? அதுவும் என் தங்கையிடம், அந்த அறையைக் கட்டியவளிடம்.

மல்லிகா என் மடியிலிருந்த கொள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஜெயித்துவிட்டதாக அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், நான் அந்த அறைக்கே வந்துவிட்டிருப்பேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க வண்டியத்தானே தொட்டாங்க. ஒன்னத் தொடலியே" என்றாள்.

 பிறகு, "அந்த ரூம யாருக்கும் வாடகைக்கு விட்டுடாதே. தை மாசம் தை மாசம் கொள்ளடிக்க வருவேன்" என்றேன். சுவருக்கு வேறு கலர் அடித்து வைப்பதாகச் சொன்னாள்.

அன்வர் பாய் ஆட்டோவை அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். நாற்காலியைப் பக்கவாட்டில் ஒட்டிப் பிரேக்கைப் போட்டேன். ஒரு கையை ஆட்டோ இருக்கையில் ஊன்றி, மறு கையால் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கினேன். கொள்ளு மிதித்து ஓய்ந்த கை, ஒரு நொடி வழுக்கியது. வழக்கமாக இந்நேரம் இரண்டு அக்குளிலும் மல்லிகாவின் கை வந்திருக்கும். வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டடி தள்ளி, உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் உட்கார்ந்து முடிக்கும்வரை அவற்றை அவிழ்க்கவே இல்லை.